லிஃப்ட் மெயின்டனன்ஸ்: எங்க அபார்ட்மென்ட்ல திரும்பத் திரும்ப கேட்ட கேள்விகள்

நாலு வருஷமா எங்க அசோசியேஷன் செக்ரட்டரியா இருக்கேன். வேளச்சேரி பக்கம், ஸ்டில்ட் கார் பார்க்கிங், அதுக்கு மேல 5 மாடி, 20 வீடு, ஒரே ஒரு லிஃப்ட். படிக்கட்டுல, வாட்ஸ்அப் குரூப்ல, மீட்டிங்ல எல்லாம் அதே கேள்விதான் வருது, புதுசா குடிவர்றவங்களும் அதையே கேக்கறாங்க. நான் லிஃப்ட் இன்ஜினியர் இல்ல, ஆனா மாசாமாசம் மெக்கானிக் கூடவே நின்னு பாத்து, சந்தேகம் கேட்டு கேட்டு கத்துக்கிட்டேன், அதை இங்க எழுதி வைக்கறேன். வேற அபார்ட்மென்ட்காரங்களுக்கும் உதவும்னு நம்பறேன்.

மாசாமாசம் சர்வீஸ்னு ஒரு பையன் வர்றான், பத்து நிமிஷத்துல கையெழுத்து வாங்கிட்டு போயிடறான். அப்படி என்னதான் சார் பண்றாங்க?

பத்து நிமிஷத்துல போனா ஒண்ணும் பண்ணலன்னு அர்த்தம். ஒழுங்கா பண்ணா எங்க சைஸ் லிஃப்ட்டுக்கு ஒரு மணி நேரமாவது ஆகுது. மேல மெஷின் ரூம்ல மோட்டார், பிரேக், கயிறு ஓடற பெரிய சக்கரம், கன்ட்ரோலர் போர்டு பாக்கணும். அப்புறம் கேபின் கூரை மேல ஏறி நின்னு மெதுவா இறங்கிக்கிட்டே ஒவ்வொரு மாடி கதவோட லாக், ரோலர் எல்லாத்தையும் பாக்கணும், கைடு ரெயிலுக்கு (கேபின் ரெண்டு பக்கமும் பிடிச்சு ஓடற தண்டவாளம்) எண்ணெய் விடற கப்புல எண்ணெய் இருக்கான்னு பாக்கணும். கடைசியா அடியில குழிக்குள்ள இறங்கி குப்பை, தண்ணி, கேபின் ரொம்ப கீழ வந்துட்டா தாங்கற பஃபர் ஸ்பிரிங் பாக்கணும். உள்ள அலாரம், ஃபேன், எமர்ஜென்சி லைட் வேற.

இதுல கேபின் கூரையும் குழியும்தான் நிறைய பேர் தவிர்க்கற இடம், அழுக்கு, இருட்டு, சிரமம். அதனால நான் கேக்கற முதல் கேள்வியே "தம்பி, குழிக்குள்ள இறங்குனியாப்பா?"தான். எங்க பில்டிங்ல இப்ப ஒரு வழக்கம் வெச்சிருக்கோம், மெக்கானிக் வந்தா கமிட்டில ஒருத்தர் கூடவே இருக்கணும், ரிஜிஸ்டர்ல அவர் என்ன பண்ணார்னு அவர் கையாலயே எழுதணும், வெறும் "சர்வீஸ் டன்"னு எழுதினா கையெழுத்து கிடையாது.

நல்லாத்தானே ஓடிட்டிருக்கு, ரிப்பேர் ஆனா கூப்பிட்டுக்கலாமே, எதுக்கு வருஷம் முழுக்க ஏஎம்சி (வருஷாந்திர மெயின்டனன்ஸ் ஒப்பந்தம்) காசு?

ஃப்ரிட்ஜ், மிக்ஸின்னா அப்படி விடலாம், கெட்டுப்போனா நின்னுடும், அவ்வளவுதான். லிஃப்ட் அப்படி இல்ல. பிரேக் லைனிங் தேய்ஞ்சாலும் லிஃப்ட் ஓடும், டோர் லாக் தளர்ந்தாலும் ஓடும், கயிறு மெலிஞ்சாலும் ஓடும். நல்லா ஓடற மாதிரியே இருக்கும்போதுதான் உள்ளுக்குள்ள ஒவ்வொண்ணா தேய்ஞ்சிட்டிருக்கு, அது நமக்கு வெளில நின்னா தெரியவே தெரியாது. ஏஎம்சி காசு ரிப்பேருக்கு இல்ல, தெரியாதத போய் பாக்கறதுக்கு.

கயிறு அறுந்து தொப்புன்னு கீழ விழுந்துருமோன்னு எங்க அம்மாவுக்கு ஒரே பயம், உண்மையிலேயே அப்படி நடக்குமாங்க?

அம்மாவ பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க. ஒரு கயிறுல லிஃப்ட் தொங்கறது இல்ல, பல கயிறு சேர்ந்து தாங்குது, ஒவ்வொண்ணும் தேவைக்கு மேல பல மடங்கு பலத்தோட போட்டிருப்பாங்க. அதையும் மீறி கேபின் வேகமா கீழ இறங்க ஆரம்பிச்சா கவர்னர்னு ஒரு சக்கரம் இருக்கு, வழக்கமான வேகத்த விட குறைஞ்சது 15 சதவீதம் கூடினதுக்கு அப்புறம் அது பூட்டிக்கும், உடனே கேபினுக்கு அடியில இருக்கற ஆப்பு மாதிரியான பிடிகள் ரெண்டு பக்க ரெயிலையும் கடிச்சு நிறுத்திடும். இந்த மாதிரி பிடிய எலிஷா ஓடிஸ்ங்கறவர் 1854-ல நியூயார்க்ல கூட்டத்துக்கு முன்னாடி மேடைல நின்னுக்கிட்டு, தூக்கற கயிற வெட்டச் சொல்லி செஞ்சு காட்டினார். அதுக்கப்புறம்தான் ஜனங்களுக்கு லிஃப்ட் மேல நம்பிக்கையே வந்துச்சு.

1945 ஜூலை 28 அன்னிக்கு நியூயார்க் எம்பயர் ஸ்டேட் பில்டிங்ல ஒரு ராணுவ விமானம் மோதினப்போ கயிறுங்க அறுந்து, கவர்னர் கயிறும் சேர்ந்து அறுந்து போய், பெட்டி லூ ஆலிவர்னு லிஃப்ட் ஓட்டற பொண்ணு 75 மாடி கீழ விழுந்தாங்க, பலத்த காயத்தோட உயிர் பிழைச்சாங்க. அந்த மாதிரி விழறதுக்கு விமானமே வந்து மோத வேண்டியிருந்துச்சு. நம்ம பயம் இருக்க வேண்டிய இடம் வேற, அடுத்த பதில கண்டிப்பா படிங்க.

அப்போ லிஃப்ட்ல எதுதான் ஆபத்துன்னு சொல்றீங்க?

கதவு. கேபின் கதவு இல்ல, ஒவ்வொரு மாடிலயும் வெளில இருக்கற லேண்டிங் டோர். லிஃப்ட் அந்த மாடிக்கு வராம அந்தக் கதவு திறக்கவே கூடாது, ஏதாவது ஒரு மாடில கதவு திறந்திருந்தா லிஃப்ட் நகரவே கூடாது, இந்த ரெண்டையும் பாத்துக்கறது டோர் லாக்கும் அதுல இருக்கற ஒரு சின்ன காண்டாக்ட்டும்தான் (கதவு மூடினாத்தான் கரெண்ட் பாயற ஸ்விட்ச் மாதிரி). அது கெட்டா கதவு திறக்கும், உள்ள கேபின் இருக்காது, போன் பாத்துக்கிட்டே கால் வெச்சா நேரா குழிதான். பேப்பர்ல "லிஃப்ட் குழிக்குள் விழுந்து பலி"ன்னு படிக்கறோமே, அதுல நிறைய இப்படித்தான் நடக்குது.

எங்க பில்டிங்ல நடந்தத சொல்றேன். ரெண்டாவது மாடி கதவு சரியா மூடாம லிஃப்ட் அடிக்கடி நின்னுட்டிருந்துச்சு. அப்போ இருந்த சர்வீஸ் ஆள் வந்து பாத்துட்டு, புது லாக் வர்ற வரைக்கும் ஓடட்டும்னு அந்த காண்டாக்ட்ட ஒரு ஒயர் போட்டு ஷார்ட் பண்ணி விட்டுட்டு போயிட்டார், எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நாங்களும் லிஃப்ட் நல்லா ஓடுதுன்னு சந்தோஷமா இருந்தோம். மூணாவது நாள் சாயங்காலம் எட்டாவது படிக்கற பையன் ஒருத்தன் கதவ லேசா தள்ளினதும் திறந்துருச்சு, லிஃப்ட் கீழ இருந்துச்சு. அவன் பின்னாடியே வந்த பாட்டி சட்டைய பிடிச்சு இழுத்ததால தப்பிச்சான். அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. நான் மெக்கானிக் பக்கத்துல நிக்க ஆரம்பிச்சது அதுக்கு அப்புறம்தான்.

அதனால டோர் லாக்க ஷார்ட் பண்ணி லிஃப்ட்ட ஓட்ட யாரையும் விடாதீங்க. புது பார்ட் வர ஒரு வாரம் ஆனா ஒரு வாரம் லிஃப்ட் நிக்கட்டும், எல்லாரும் திட்டட்டும், பரவாயில்ல. நீங்களே பண்ணக்கூடிய சோதனையும் ஒண்ணு இருக்கு: மெக்கானிக் இருக்கும்போது, லிஃப்ட் வேற மாடில நிக்கறப்போ, ஒவ்வொரு மாடியா போய் கதவ கையால இழுத்துப் பாருங்க, திறக்கக் கூடாது. பழைய மாடல் இழுக்கற கேட் லிஃப்ட்டா இருந்தா கேட் முழுசா சாத்தாம லிஃப்ட் கிளம்புதான்னும் பாருங்க. கிளம்பினா அன்னிக்கே நிறுத்திடுங்க.

கரெண்ட் போய் நடுவுல மாட்டிக்கிட்டா மூச்சு முட்டாதா? வாட்ச்மேன் கிட்ட ஒரு கம்பி இருக்கு, நெம்பி திறந்துடலாம்ங்கறாரு.

மூச்சு முட்டாது. கேபின் காத்து புகாத பெட்டி கிடையாது, காத்து போய் வர வழி வெச்சுத்தான் செய்யறாங்க. கரெண்ட் போனா பிரேக் விட்டுடும்னு சிலர் நினைக்கறாங்க, அதுவும் இல்ல. கரெண்ட் இருந்தாத்தான் பிரேக் திறக்கும், போனதும் ஸ்பிரிங் அழுத்தி தானா பிடிச்சுக்கும். அலாரம் அடிச்சுட்டு, போன் பண்ணிட்டு, உக்காந்துருங்க.

கம்பிய மட்டும் தூக்க விடாதீங்க. லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கும்போது கதவ நெம்பித் திறந்தா, கேபின் தரைக்கு கீழ ஷாஃப்ட் (லிஃப்ட் ஏறி இறங்கற நீளமான கூண்டு) திறந்து கிடக்கும். உள்ள இருக்கறவங்க அவசரத்துல கீழ் மாடிக்கு குதிக்கறேன்னு குதிச்சு, கால் வழுக்கி பின்பக்கமா அந்த சந்துக்குள்ள போயிடறாங்க. சரியான முறை என்னன்னா மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டு, மெஷின் ரூம்ல ஒருத்தர் பிரேக்க லீவரால விடுவிக்க, இன்னொருத்தர் சக்கரத்த கையால மெல்ல சுத்தி பக்கத்து மாடிக்கு கொண்டுவரணும், அதுக்கப்புறம்தான் கதவு. இது கத்துக்கொடுத்து பழகினவங்க மட்டும் பண்ற வேலை. எங்க வாட்ச்மேன் அண்ணனுக்கும் கமிட்டில ரெண்டு பேருக்கும் கம்பெனி ஆள வெச்சே சொல்லிக் கொடுத்திருக்கோம், அப்படியும் கம்பெனி ஆள் சீக்கிரம் வர முடியும்னா காத்திருக்கறதுதான் வழக்கம்.

அதான் ஏஆர்டி போட்டிருக்கே, அப்புறம் ஏன் போன வாரம் கரெண்ட் போனப்ப நடுவுல நின்னுச்சு?

ஏஆர்டிங்கறது பேட்டரி. கரெண்ட் போனதும் பக்கத்து மாடிக்கு கொண்டு போய் கதவ திறந்து விடும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரியே இதுவும் ரெண்டு மூணு வருஷத்துல போயிடும், ஆனா இன்வெர்ட்டர்னா ஃபேன் நின்னதும் தெரியும், இது மாட்டிக்கற அன்னிக்குத்தான் தெரியும். மாசா மாசம் சர்வீஸ் முடிஞ்சதும் மெயின ஆஃப் பண்ணி லிஃப்ட் தானா வருதான்னு ஒரு தடவ பாக்க சொல்லுங்க, ரெண்டு நிமிஷ வேலை.

6 பேர்னு எழுதியிருக்கு, நாங்க 5 பேர் ஏறினாலே பீப் பீப்னு கத்துது, சென்சார் கெட்டுப்போச்சா?

இருக்கலாம், ஆனா முதல்ல கணக்க பாருங்க. ஒரு ஆளுக்கு 68 கிலோன்னு வெச்சுத்தான் 6 பேர், 408 கிலோன்னு போடறாங்க. 5 பேரும் 80 கிலோ, கூடவே ஆளுக்கு ஒரு அரிசி மூட்டைன்னா கத்தத்தான் செய்யும். ஒருத்தர் இறங்கி அடுத்த ட்ரிப்ல வரலாம். அந்த சத்தம் தொல்லையா இருக்குன்னு சென்சார லூசு பண்ண சொல்லி மெக்கானிக்க கேக்கறவங்களும் இருக்காங்க, தயவுசெஞ்சு கேக்காதீங்க.

லிஃப்ட் தரைக்கு சமமா நிக்காம ஒரு இன்ச் மேலயோ கீழயோ நிக்குது. இதெல்லாம் ஒரு கம்ப்ளைன்ட்டா?

கம்ப்ளைன்ட்தான், சின்னதும் இல்ல. எங்க நாலாவது மாடி மாமி அந்த ஒரு இன்ச்ல கால் தட்டி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு மூணு மாசம் படுத்துட்டாங்க. வயசானவங்களுக்கு, வாக்கர் வெச்சு நடக்கறவங்களுக்கு, வீல்சேருக்கு அது பெரிய படி.

இன்னொண்ணு, அது பிரேக் தேய்ஞ்சதோட அறிகுறியாவும் இருக்கலாம், கயிறு நீண்டு போனதாவும் இருக்கலாம், இல்ல மாடிய காட்டற சென்சார் நகர்ந்திருக்கலாம். எந்த மாடில, ஏறும்போதா இறங்கும்போதா, ஆள் நிறைய இருக்கும்போதா காலியா இருக்கும்போதான்னு குறிச்சு வெச்சு சொன்னீங்கன்னா மெக்கானிக்குக்கு பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

அடிக்கடி நின்னுடுது, ஆனா மெக்கானிக் வந்தா மட்டும் சமத்தா ஓடுது. இது என்ன மாயம்?

மாயமெல்லாம் இல்ல, எங்க அனுபவத்துல பாதிக்கு மேல நம்ம பழக்கத்தால வர்றதுதான். வேலைக்கு வர்ற அக்கா மாடி வராண்டாவ பக்கெட் தண்ணி ஊத்தி கழுவினா அது கதவு இடுக்கு வழியா ஷாஃப்டுக்குள்ள இறங்கி டோர் காண்டாக்ட்ல படும், காஞ்சதும் ஓட ஆரம்பிச்சுடும், அதுக்குள்ள மெக்கானிக் வந்து நிப்பார். லிஃப்ட் வாசல்ல மாப் போட்டு துடைக்கச் சொல்லுங்க, தண்ணி ஊத்த வேண்டாம்.

அடுத்தது வீட்டு இன்டீரியர் வேலை. மணல், சிமென்ட், டைல்ஸ் எல்லாம் லிஃப்ட்ல ஏத்தினா கதவு ஓடற பள்ளத்துல மண் சேரும், கதவு முழுசா மூடாது, மூடலன்னா லிஃப்ட் நகராது (ஏன்னு கதவு பத்தின பதில்ல சொல்லியிருக்கேன்). அந்தப் பள்ளத்த வாரம் ஒருதடவ பிரஷ்ஷால சுத்தம் பண்ணாலே நிறைய கம்ப்ளைன்ட் குறையும். அதே மாதிரி கதவுக்கு நடுவுல செருப்பு, சேர் எல்லாம் வெச்சு நிறுத்தி வெக்கறதும் வேண்டாம்.

ஈபி லைன்ல வேலை பாத்துட்டு போன அப்புறம் லிஃப்ட் சுத்தமா ஓடலன்னா பேஸ் மாறியிருக்கும். மூணு பேஸ்ல ரெண்டு இடம் மாறினா மோட்டார் தலைகீழா சுத்தும், அது நடக்காம இருக்க ஒரு ரிலே லிஃப்ட்ட நிறுத்தி வெக்கும். அது பழுது இல்ல, பாதுகாப்பு. ஈபிக்கு சொல்லி சரி பண்ணணும்.

மழைக்காலத்துல குழில தண்ணி நிக்குதே, மோட்டார் மேலதானே இருக்கு, ஓட்டினா என்ன?

எங்க ஏரியாக்காரங்களுக்கு இத சொல்லவே வேண்டாம், 2015 டிசம்பர், 2023 மிக்ஜாம் ரெண்டும் பாத்தவங்க. மோட்டார் மேல இருந்தாலும் குழில லிமிட் ஸ்விட்ச், கவர்னர் கயிற இழுத்துப் பிடிக்கற சக்கரம், பஃபர், கேபினுக்கு போற கேபிள் தொங்கற வளைவு எல்லாம் இருக்கு. தண்ணி பட்டா ஷார்ட் ஆகும், கேபின் கீழ வந்தா ஷாக் அடிக்கவும் வாய்ப்பிருக்கு.

ஸ்டில்ட்ல தண்ணி ஏற ஆரம்பிச்சதுமே, உள்ள யாரும் இல்லைன்னு உறுதி பண்ணிக்கிட்டு, லிஃப்ட்ட மேல் மாடிக்கு கொண்டு போய் நிறுத்தி மெயின ஆஃப் பண்ணிடுங்க. தண்ணி வடிஞ்சதும் நீங்களா ஆன் பண்ணாதீங்க, மெக்கானிக் குழில இறங்கி பாத்து, காய வெச்சு, சரின்னு எழுதிக் கொடுத்த அப்புறம்தான். 2023-ல எங்களுக்கு 11 நாள் லிஃப்ட் இல்ல, மேல இருக்கற பெரியவங்களுக்கு பசங்க பால், மருந்து எல்லாம் படியேறி கொடுத்தாங்க. அதுக்கு அடுத்த வருஷமே குழி சுவருக்கு வாட்டர்ப்ரூஃபிங் பண்ணிட்டோம், கசிவு நின்னுடுச்சு. ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடி குழிய ஒரு தடவ பாத்துடுங்க.

கயிறெல்லாம் காஞ்சு கிடக்கு, கிரீஸ் தடவாம ஏமாத்தறாங்களா?

இது நானே கேட்ட கேள்வி. பெரும்பாலான லிஃப்ட்ல சக்கரத்துக்கும் கயிறுக்கும் நடுவுல இருக்கற உராய்வுலதான் கேபின் ஏறுது இறங்குது. கிரீஸ அப்பினா கயிறு வழுக்கும், அப்புறம் சரியான இடத்துல நிக்காது. அதுக்குன்னே இருக்கற மெல்லிசான எண்ணெய், அதுவும் தேவைப்பட்டா மட்டும்.

நீங்க பாக்க வேண்டியது வேற: கயிறுல செம்மண் நிறத்துல தூள் படிஞ்சிருக்கா, கம்பி இழை எங்கயாவது பிரிஞ்சு நிக்குதா, கயிறு முன்னைய விட மெலிஞ்சிருக்கா. இதுல ஏதாவது இருந்தா எழுத்துல ரிப்போர்ட் கேளுங்க. மாத்தணும்னா எல்லா கயிறையும் சேர்த்துத்தான் மாத்தணும், ஒண்ணு மட்டும் புதுசு போட்டா பாரம் சமமா பிரியாது.

காம்ப்ரிஹென்சிவ் எடுக்கறதா, சாதா ஏஎம்சி போதுமா? வெளில ஒருத்தர் பாதி ரேட்டுக்கு பண்றாராமே?

சாதாவுல சர்வீஸ் மட்டும், பார்ட்ஸுக்கு தனி காசு. காம்ப்ரிஹென்சிவ்ல பார்ட்ஸும் சேரும், ஆனா "எல்லாம் கவர்"னு வாய்ல சொல்றத நம்பாம கயிறு, மோட்டார், கன்ட்ரோலர் போர்டு, ஏஆர்டி பேட்டரி இந்த நாலும் உள்ள இருக்கா வெளில இருக்கான்னு காகிதத்துல பாருங்க. பழைய லிஃப்ட்டுன்னா காம்ப்ரிஹென்சிவ் பக்கம்தான் என் ஓட்டு, சாதாவுல பார்ட் மாத்தணும்னா மீட்டிங் போட்டு காசு வசூல் பண்றதுக்குள்ள மாசம் ஓடிடும்.

வெளி ஆளுங்கள்லயும் நல்லா பண்றவங்க இருக்காங்க. கேக்க வேண்டியது ரேட் இல்ல, உங்க மாடல் கன்ட்ரோலர் அவருக்கு தெரியுமா, அதோட பார்ட் கிடைக்குமா, ராத்திரி 11 மணிக்கு கூப்பிட்டா ஆள் வருமா, ஒரு மெக்கானிக் தலைல எத்தனை லிஃப்ட் இருக்கு. கடைசி கேள்விக்கு வர்ற பதில்லயே பத்து நிமிஷ சர்வீஸா ஒரு மணி நேர சர்வீஸான்னு தெரிஞ்சுடும்.

லைசென்ஸ் எல்லாம் பில்டர் வாங்கிக் கொடுத்தது இருக்குமே, நாம எதுக்கு அலையணும்?

தமிழ்நாட்டுல லிஃப்ட்டுக்கு 1997-ல வந்த தனி சட்டமே இருக்கு. லிஃப்ட் வெக்கறதுக்கு அனுமதி, ஓட்டறதுக்கு லைசென்ஸ், ரெண்டும் அரசு மின் ஆய்வுத் துறைகிட்ட வாங்கணும், லைசென்ஸ புதுப்பிக்கவும் வேணும். பில்டர் கொடுத்த காகிதத்துல எந்த தேதி வரைக்கும் செல்லும்னு போட்டிருக்கும், இன்னிக்கே எடுத்துப் பாருங்க. பில்டர் போயாச்சு, இப்ப லிஃப்ட் நம்மளோடது, ஒண்ணு ஆச்சுன்னா கேள்வி அசோசியேஷனைத்தான் கேப்பாங்க.

நாங்க முதல் மாடி, படியிலதான் ஏறி இறங்கறோம். எங்ககிட்டயும் லிஃப்ட் காசு வாங்கறது நியாயமா?

லிஃப்ட் எல்லாருக்கும் பொதுவான சொத்து, உங்க வீட்ட விக்கும்போது "லிஃப்ட் வசதி உண்டு"ன்னுதானே விளம்பரம் போடுவீங்க. சில அபார்ட்மென்ட்ல பைலாவுல கீழ் மாடிக்கு கொஞ்சம் குறைச்சு வாங்கறாங்க, அத ஜெனரல் பாடில பேசி முடிவு பண்ணலாம், தப்பில்ல. ஆனா கணக்கு தீரும் வரைக்கும் யாரும் கட்ட மாட்டேன்னு நிறுத்தி, அதனால ஏஎம்சி ரத்தாகறது மட்டும் வேண்டாம்.

ஒரு நாள் காலி லிஃப்ட் தானா மேல போச்சு, யாரும் பட்டன் அழுத்தல. இது எப்படி?

சில லிஃப்ட்ல கொஞ்ச நேரம் சும்மா இருந்தா ஒரு குறிப்பிட்ட மாடிக்கு போய் நிக்கற மாதிரி செட்டிங் இருக்கும். கதவு மூடி சாதாரண வேகத்துல போச்சுன்னா அதுதான்.

கதவு திறந்திருக்கும்போதே மெதுவா மேல நழுவினா அது வேற விஷயம், உடனே நிறுத்துங்க. எதிர்ப்பக்கம் தொங்கற எடை, காலி கேபின் எடையோட கிட்டத்தட்ட பாதி ஆள் பாரத்தையும் சேர்த்து இருக்கும். அதனால பிரேக் பிடிக்கலன்னா காலி லிஃப்ட் கீழ விழாது, மேலதான் போகும். கயிறு பத்தின பதில்ல சொன்ன அடிப்பக்க பிடி கீழ போறதத்தான் தடுக்கும். புது லிஃப்ட்ல மேல போறதயும் தடுக்க தனி ஏற்பாடு இருக்கு, பழசுல பெரும்பாலும் இருக்காது. அதனால பழைய லிஃப்ட்டுன்னா பிரேக் மேல இன்னும் கூடுதல் கவனம் வேணும்.

14 வருஷமாச்சு, மொத்தமா மாத்திடலாமா?

மொத்தமா மாத்தணும்னு அவசியமில்ல. ரெயில், எதிர் எடை எல்லாம் நல்லா இருந்தா அப்படியே வெச்சுக்கிட்டு கன்ட்ரோலர், டோர், மோட்டார் மட்டும் மாத்தலாம். காசு ஒரே நேரத்துல முடியாதுன்னா முதல்ல டோரும் லாக்கும், அப்புறம் கன்ட்ரோலர், கேபின் உள்ள கண்ணாடி, ஸ்டீல் ஷீட் அழகு வேலையெல்லாம் கடைசில. நிறைய இடத்துல இத தலைகீழா பண்றாங்க, உள்ள பளபளன்னு இருக்கும், லாக் பழசாவே இருக்கும்.

அந்த முக்கோண சாவி யார்கிட்ட இருக்கணும்?

வெளில இருந்து லேண்டிங் டோர திறக்கற சாவி அது. எங்க பில்டிங்ல ஒரு காலத்துல வாட்ச்மேன் ரூம் ஆணில மாட்டியிருந்துச்சு, பந்து ஷாஃப்ட்ல விழுந்துச்சுன்னு பசங்களே எடுத்துட்டுப் போய் திறந்திருக்காங்க. இப்ப ஒண்ணு மெஷின் ரூம் பூட்டுக்குள்ள, இன்னொண்ணு என் வீட்டு பீரோல. மெஷின் ரூம் சாவி வாட்ச்மேன் அண்ணன்கிட்ட, சொல்லிக் கொடுத்த மூணு பேரத் தவிர யார் கேட்டாலும் அவர் தர மாட்டார். வர்ற மார்ச்ல கமிட்டி மாறும்போது புது செக்ரட்டரிகிட்ட அக்கவுன்ட் புக்குக்கு முன்னாடி நான் கொடுக்கப் போறது இந்தச் சாவியதான், கொடுக்கறப்போ ரெண்டாவது மாடி கதவு கிட்ட கூட்டிட்டுப் போய் அந்தப் பையன் கதையையும் சொல்லித்தான் கொடுப்பேன்.